இங்கிலீசுக்காரி எழுதிய கிடுகு வேலி

என் வயதுக்காரர் சிலராவது இதை வாசிப்பீர்கள் என்று எண்ணியே எழுதுகிறேன். இரண்டாம் யுத்தம் மூண்ட வருடத்தில் உங்களுக்குப் பத்து, பதினொரு வயது இருந்திருந்தால், மருதனார்மடச் சந்தையிலிருந்து மேற்கே பிரிந்த ஒழுங்கைகளை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே, தென்னோலை பின்னிக் கட்டிய கிடுகு வேலி. ஒழுங்கையில் போகிறவருக்கு வீடு தெரியாது. வீட்டில் இருக்கிறவருக்கு ஒழுங்கை தெரியாது. சத்தம் மட்டும் தடையில்லாமல் உள்ளே வரும், வெளியே போகும்.

மாதம், திதி, எது முந்தியது எது பிந்தியது என்று என்னிடம் கேட்டால் சரிபார்த்துச் சொல்வேன். அது என் பழக்கம். பெயர்களை மட்டும் எழுதமாட்டேன். கேட்டும் வராதீர்கள். ஏன் என்பது கடைசியில் விளங்கும்.

ஐயா கொழும்பில் கணக்கெழுதும் கிளறிக்கல் வேலையில் இருந்ததால் அம்மாவும் நானும் அம்மாவின் பிறந்த வீட்டிலேயே இருந்தோம். வீட்டின் தலைவர் மாமா, அம்மாவின் தமையன். மலாயாவில் ரயில்வேயில் வேலை செய்து, மனைவியை அங்கேயே பறிகொடுத்து, பென்சனோடு திரும்பியவர். வரும்போது இரண்டு தகரப் பெட்டி நிறைய ரயில்வேக் கடதாசி கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கத்தில் இங்கிலீசில் கோடும் கட்டமும், மறு பக்கம் வெறுமை. நான் படம் கீறியது, அம்மா பலகாரம் சுற்றியது எல்லாம் அந்தக் கடதாசியில்தான். ஈரம் பட்டால் அதிலிருந்து கரியும் எண்ணெயும் கலந்த ஒரு மணம் எழும். இப்போதும் ரயில் நிலையத்தில் நின்றால் எனக்கு மோதகம் ஞாபகம் வருவது அதனால்தான்.

மூன்றாமவர் சின்னம்மா, அம்மாவின் தங்கை. மிஷன் பள்ளிக்கூட விடுதியில் தங்கி சீனியர் வகுப்பு வரை படித்தவர். தொண்டைமானாற்றைச் சேர்ந்த, மலாயாவில் உத்தியோகம் பார்க்கும் ஒருவருக்கு அவரைப் பேசி முற்றாக்கியிருந்தார்கள். மாப்பிள்ளை ஆவணியில் லீவில் வருவார் என்று இருந்தது. பேச்சு முற்றான நாள் முதல் சின்னம்மா வாசல் படலைக்கு அப்பால் போவதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அம்மாவோடு போவதுதான் வெளி. மற்ற நேரமெல்லாம் விறாந்தையை அடுத்த அறையில், யன்னலைப் பார்த்தபடி இருப்பார். யன்னலுக்கு வெளியே முற்றம், முற்றத்துக்கு வெளியே வேலி.

கதை பிறந்தது அந்த அறையில், மார்கழி விடுமுறையில். இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் நான் பக்கத்தில் இருந்தேன். திருவெம்பாவைக்காக விடிய எழும்பிவிடுவதால் பகல் முழுவதும் எனக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றும். சின்னம்மா தூங்க விடமாட்டார்.

"பிள்ளை, ஒரு மனுசன் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு ஒழுங்கையாலை போறான். சைக்கிள் மணி அடிக்கிறான். என்ன வேலை செய்யிறவனாயிருக்கும்?"

"தபால்காரன்."

"தபால்காரனெண்டால் படலையைத் திறந்து உள்ளுக்கை வந்திடுவான். முகம் தெரிஞ்சுபோம்."

"அப்ப சுருட்டுக் கொட்டிலுக்குப் போறவன்."

"சுருட்டுச் சுத்துறவனுக்கு ஏதடி சைக்கிள்?"

"அப்ப எனக்குத் தெரியாது. நித்திரை வருது."

சின்னம்மா பென்சிலை எடுத்தார். பிறகு எழுதியதை வெட்டினார். "ஒரு வேலையும் வேண்டாம். மணி மட்டும் காணும்."

மணி எங்கள் ஒழுங்கையில் இருந்த மணிதான். சந்திக்குக் கிட்ட இருந்த மருந்துச்சாலைக்கு மாற்றலாகி வந்த அப்போதிக்கரி, குருநகரைச் சேர்ந்த கத்தோலிக்கர், கலியாணமாகாதவர், ஒழுங்கை முடிவில் ஓர் அறை எடுத்து இருந்தார். மாலையில் வீட்டுக்குத் திரும்பும்போது மதகடியில் ஒருமுறை மணி அடிப்பார், அங்கே எப்போதும் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே நிற்கும். எங்கள் படலையடியில் ஒழுங்கை வளைவதால் அங்கே இன்னொருமுறை அடிப்பார். நான் அதைச் சின்னம்மாவிடம் சொன்னேன்.

"மணி அவரின்ரைதான், ஆர் இல்லையெண்டது? ஆனா அவர் கண்டுக்குட்டிக்கு அடிக்கிறார். என்ரை ஆள் அடிக்கிறது வேறை." பென்சிலால் என் நெற்றியில் தட்டினார். "கேட்டது இத்தனைதான். மிச்சம் நான் செய்தது."

கதையின் பெயர் 'வேலி அடைக்கிற நாள்'. அதில் ஒரு பெண். மாலையில் மணி மதகடியில் கேட்கும், பிறகு படலையடியில் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் அவள் தலையை வாரி முடிந்துவிடுவாள். அடிக்கிறவனின் முகத்தை அவள் கண்டதில்லை. வருடத்தில் ஒருநாள் பழைய கிடுகைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள் அல்லவா, அந்த ஒருநாள் முழுவதும் வீடு ஒழுங்கைக்குத் திறந்து கிடக்கும். அவள் அந்த நாளுக்காகக் காத்திருக்கிறாள். நாள் வருகிறது. மதகடியில் மணி கேட்கிறது. அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை.

"ஏன் சாத்தினவ?" என்று கேட்டேன்.

"பாத்திட்டால் பேந்து அந்த மணியிலை என்ன கிடக்கு?"

எனக்கு அது அப்போது விளங்கவில்லை. விளங்காததால்தான் மறக்கவுமில்லை.

புனைபெயர் வைத்து, பட்டணத்தில் அச்சாகும் ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினார். மாசியில் அது வெளிவந்தது. பத்திரிகை ஆசிரியர் புனைபெயரைக் கதையில் போட்டுவிட்டு, பிரதியைச் சின்னம்மாவின் சொந்தப் பெயருக்கு, பாராட்டுத் தபாலட்டையும் சேர்த்து அனுப்பிவிட்டார். வாங்கியது மாமா.

வீடு இரண்டுபடும் என்று அம்மா பயந்தார். நடந்ததோ வேறு. மாமா பூரித்துப்போனார். சந்திக்குப் போய்க் கடையில் கிடந்த பிரதிகளையெல்லாம் வாங்கிவந்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். ஒன்றைக் கலியாணத் தரகர் கையில் தொண்டைமானாற்றுக்கும் அனுப்பினார், பெண் எப்படிப் படித்தவள் என்று அவர்கள் அறியட்டுமே என்று.

"அண்ணை, நீங்கள் இதை வாசிச்சனீங்களோ?" என்று அம்மா கேட்டார்.

"வாசிக்கிறதுக்கு என்ன கிடக்கு? முழுசாய் ஒரு பக்கம் அச்சடிச்சிருக்கிறான்கள். சும்மா அடிப்பான்களோ?"

மாப்பிள்ளையின் தகப்பனார் வாசித்தார். அவர் மலாயாவில் தபால் கந்தோரில் பெரியவராக இருந்து ஓய்ந்தவர். எதையும் வாசிக்காமல் விடுகிறவர் அல்லர். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது பங்குனி முற்பகுதி என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். பிறகு மாசிக் கடைசி என்று திருத்திக்கொண்டேன், ஏனென்றால் எங்கள் வேலி அப்போது இன்னும் அடைக்கப்படவில்லை. கறையான் தின்ற பழைய கிடுகின் ஓட்டைகளால் மாலை வெயில் விறாந்தைச் சீமெந்தில் காசு காசாக விழுந்து கிடந்தது நினைவிருக்கிறது. அவர் ஒரு கதிரையில் இருந்தார். மடியில் பத்திரிகை, அதில் சிவப்புப் பென்சில் கோடுகள். வெற்றிலைத் தட்டத்தைத் தொடவில்லை.

"தம்பி, கதை நல்லாய்த்தான் இருக்கு," என்றார் மாமாவிடம். "அதுதான் எனக்குப் பயமாயிருக்கு."

மாமா கதிரை நுனிக்கு நகர்ந்தார். "ஐயா என்ன சொல்லுறியள்?"

"காணாத ஒருத்தி உப்பிடி எழுதேலாது. மணி மதகடியிலை ஒருக்கா அடிக்குது, படலையடியிலை ஒருக்கா அடிக்குது. உங்கடை ஒழுங்கையிலையும் ஒரு மதகு கிடக்கு. நான் வரேக்கை பாத்துக்கொண்டுதான் வந்தனான். ஆர் தம்பி அந்த ஆள்?"

அந்த நேரம் பார்த்து மதகடியில் மணி அடித்தது.

கன்றுக்குட்டி மெல்ல விலகியிருக்க வேண்டும், மணி இரண்டாம் முறையும் அடித்தது. பிறகு சைக்கிள் சக்கரம் மணலில் அரையும் சத்தம் கிட்ட வந்தது. விறாந்தையில் இருந்த எல்லோரும் அறை வாசலில் நின்ற சின்னம்மாவைப் பார்த்தார்கள். சின்னம்மா தம் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். படலையடியில் மணி அடித்தது. சத்தம் வளைவில் திரும்பித் தேய்ந்தது.

மாமா அதற்குள் கதையை வாசித்திருந்தாரா தெரியாது. மாப்பிள்ளையின் தகப்பனாரின் முகத்தை மட்டும் நன்றாக வாசித்துவிட்டார். "அது... இவள் தன்ரை யோசனையிலை எழுதினதெண்டு ஆர் சொன்னது?" என்றார். "இங்கிலீசிலை வந்த கதை ஒண்டு. அதைப் பாத்து எழுதினவள்."

"அப்ப களவு."

"மொழிபெயர்ப்பு ஐயா."

"எழுதினவையின்ரை பேரைப் போட்டால் மொழிபெயர்ப்பு. போடாட்டிக் களவு. நான் தபால் கந்தோரிலை இருந்தவன் தம்பி, ஒருதற்றை சாமானை இன்னொருத்தர் தன்ரை எண்டு சொல்லுறதை என்னாலை பொறுக்கேலாது." அவர் முகம் தெளிந்தது. "ஆனா மற்றதைவிட இது பரவாயில்லை. பிள்ளையைக் கேப்பம்."

சின்னம்மாவுக்கு முன்னால் கிடந்த வழிகளை இந்த வயதில் நான் எண்ணிப் பார்க்கிறேன். என்னுடையது என்று சொன்னால், அந்த ஆள் யார் என்ற கேள்வி திரும்ப வரும். கலியாணம் குழம்பும், அது ஒன்று. மாமாவின் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் அடிதடிக்குத் தயங்காதவர்கள், அப்போதிக்கரி பொழுது படுகையில் தனியே வருகிறவர், அது இன்னொன்று. ஒரு பெண் எழுதினால் அது அவளுக்கு நடந்ததாக இருக்க வேண்டும், அல்லது எங்கிருந்தாவது எடுத்ததாக இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று உண்டு என்று அந்த விறாந்தையில் இருந்த படித்த மனிதர் எவருக்கும் தோன்றவில்லை.

"ஓம்," என்றார் சின்னம்மா. "பாத்து எழுதினது."

"இல்லை," என்றேன் நான். "சின்னம்மா யோசிச்சு யோசிச்சுத்தான் எழுதினவ. நான் பாத்தனான். தபால்காரன் வேண்டாமெண்டு வெட்டினவ."

அம்மா என் தொடையில் நுள்ளினார். மாப்பிள்ளையின் தகப்பனார் முதன்முதலாகச் சிரித்தார். "பிள்ளைக்குச் சின்னம்மாவிலை சரியான வாரப்பாடு," என்றார். பிறகு கேட்டார், "எந்தப் புத்தகம்?"

அடுத்த வளவில் இருந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரை அழைத்துவரும்படி மாமா ஆள் அனுப்பினார். அந்தப் பகுதியில் அவர் வாசிக்காத இங்கிலீசுப் புத்தகம் இல்லை என்பது ஊரின் நம்பிக்கை, அவருடைய நம்பிக்கையும் அதுதான். அவர் வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, நின்றபடியே கதையை வாசித்தார். சின்னம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியர் 'இப்படியொரு கதை நான் அறியேன்' என்று சொல்லிவிட்டால் அந்த ஆள் யார் என்ற கேள்வி திரும்ப வந்துவிடும்.

"ஓமோம்," என்றார் தலைமை ஆசிரியர். "இது நான் படிச்ச கதை. ஒரு சீமாட்டி எழுதினது. பேர் நாக்கிலை நிக்குது."

மாமா மூச்சு விட்டார். மாப்பிள்ளையின் தகப்பனார் விடவில்லை. "சீமையிலை கிடுகு வேலி இருக்கோ மாஸ்ரர்?"

"அங்கை உயிர்வேலி. 'ஹெட்ஜ்' எண்டு சொல்லுவினம். பிள்ளை அதைக் கிடுகாக்கிப்போட்டுது. கெட்டித்தனம்தான்."

"உயிர்வேலியைப் பிரிச்சுக் கட்டுறதில்லையே?"

"வருசத்துக்கு ஒருக்கா வெட்டுவினம். அண்டைக்கு உள்ளுக்கை தெரியும்." அவர் சற்றும் தயங்கவில்லை. "ஆனா மூலத்திலை முடிவு இப்பிடி இல்லை. அவள் கதவைச் சாத்திறேல்லை. அவன் சைக்கிளை விட்டு இறங்கி வந்து தகப்பனிட்டைக் கேக்கிறான். கலியாணம் நடக்குது."

"அதுதானே பாத்தன்," என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். "முடிவு கொஞ்சம் விசர்த்தனமாய்க் கிடந்தது."

"இல்லை மாஸ்ரர்—" என்று தொடங்கிய சின்னம்மா நிறுத்திக்கொண்டார்.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை. நீங்கள் சொன்னதுதான் சரி."

அந்தத் தலைமை ஆசிரியர் பொய்யர் என்றே பல வருடம் எண்ணியிருந்தேன். நானும் கனக்க வாசித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. நிறைய வாசித்தவர்களுக்கு வாசித்தவை ஒன்றோடொன்று கலந்துபோகும். ஒரு வேலி, ஒரு பெண், ஒரு சைக்கிள் எல்லாம் ஏதோவொரு இங்கிலீசு மாத இதழில் அவர் கண்டிருக்கக்கூடியவைதான். அவர் உண்மையாகவே அதை வாசித்ததாக நம்பினார். நம்பியதால்தான் பின்னால் நடந்ததும் நடந்தது.

மாப்பிள்ளையின் தகப்பனார் சம்பந்தத்தைக் குழப்பவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். பத்திரிகைக்கு உண்மையை எழுதித் தெரிவிக்க வேண்டும், அது அச்சில் வரவேண்டும், பிறகு நாள் வைப்போம் என்றார்.

அன்று பொழுது படுவதற்குள் சின்னம்மா தம் ரயில்வேக் கடதாசிகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். வெட்டும் திருத்தமுமாகக் கிடந்த கடதாசிகள். உலையின் கீழே ஒவ்வொன்றாக வைத்தார்.

"ஏன் சின்னம்மா எரிக்கிறியள்?"

"பாத்து எழுதிறவள் இத்தனை வெட்டு வெட்டுவாளோ குஞ்சு? ஆரும் கண்டால் பிடிபட்டுப்போவன்."

கடதாசி கருகும்போது வந்த எண்ணெய் மணம் அன்றைய சோற்றிலும் இருந்தது. மாமா இரண்டு வாய் தின்றுவிட்டுக் கையைக் கழுவினார்.

மறுநாள் மாமா சொல்லச் சொல்லச் சின்னம்மா எழுதினார். 'முன்னர் இப்பத்திரிகையில் வெளிவந்த வேலி அடைக்கிற நாள் என்னும் கதை எனது சொந்தக் கற்பனை அன்று. ஆங்கிலக் கதையொன்றைப் பார்த்து எழுதியது. பிழைக்கு வருந்துகிறேன்.' ஒரு வெட்டு இல்லாமல், அழகான எழுத்தில் எழுதி முடித்தார். சின்னம்மா தம் வாழ்நாளில் தம்முடையதல்லாத சொல்லை எழுதியது அந்த ஒருமுறைதான்.

பங்குனியில் அது அச்சில் வந்தது. பிறர் கன்றைத் தம் கொட்டிலில் கட்டுவோருக்கு இனி எமது பத்திரிகையில் இடமில்லை என்று ஆசிரியர் கீழே ஒரு குறிப்பும் போட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குத் திருப்தி. தரகர் சீனியும் பழமும் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள், "பெட்டியளைப் பூட்டி வையுங்கோடி, கதைக்கள்ளியின்ரை பெறாமகள் வாறாள்," என்றார்கள். ஒருத்தி தன் பென்சிலைச் சட்டைக்குள் மறைத்துக் காட்டினாள். நான் அழுதுகொண்டு வந்து சொன்னபோது சின்னம்மா கேட்டார், "நல்லாய்ச் சொல்லியிருக்கிறாளவை. ஆர் அந்தப் பென்சில்காரி?"

அதே பங்குனியில் வேலி அடைத்தார்கள். வழக்கமாக ஒரு பக்கம் முழுவதையும் பிரித்துக் கொட்டிவிட்டுத்தான் கட்டத் தொடங்குவார்கள். பழைய கிடுகு வண்டியில் ஏறிப் புகையிலைத் தோட்டத்துக்கு உரமாகப் போகும். அன்று பிள்ளைகள் நாங்கள் வேலித் தடிகளான கதியாலுக்கு நடுவால் ஒழுங்கைக்கும் வளவுக்கும் ஓடித் திரிவோம். அந்த வருடம் மாமா கதிரையைப் போட்டு முற்றத்தில் இருந்துகொண்டார். இரண்டு கதியாலுக்கு நடுவில் உள்ளதை மட்டும் பிரித்து, அதைக் கட்டி முடித்த பிறகே அடுத்ததைப் பிரிக்க வேண்டும் என்றார். அதுவும் இரட்டைப் பட்டாக, கிடுகின் மேல் கிடுகாக. ஒருநாள் வேலை மூன்றாக நீண்டது.

"என்ன ஐயா," என்று வேலிக்காரர் கேட்டார், "உள்ளுக்கை யானை கீனை கட்டி வைச்சிருக்கிறியளோ?"

கட்டி முடித்தபோது விறாந்தையில் வெயில் காசுகள் இல்லை. ஊறின ஓலையின் புளித்த வாடை கிழமைக் கணக்காக வீட்டுக்குள்ளேயே நின்றது. சின்னம்மாவின் யன்னலில் பகலிலும் விளக்குத் தேவைப்பட்டது.

மணியும் நின்றுவிட்டது. மாமா அப்போதிக்கரியிடம் என்ன சொன்னாரோ, யாரைக்கொண்டு சொன்னாரோ தெரியாது. ஒரு மாலை மதகடியில் மணிக்குப் பதிலாகக் குரல் கேட்டது. "கண்டு, கண்டு, விலத்து." கன்றுக்குட்டி விலகவில்லைப் போலிருக்கிறது. "அடேய் கண்டு, உனக்குத்தான்." சின்னம்மா சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு எங்கே நின்றது, வேறொன்றாக எங்கே மாறியது என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சித்திரையில் என் காலில் ஆணி ஏறி அம்மா என்னை மருந்துச்சாலைக்குக் கூட்டிப்போனார். மருந்துப் போத்தல்களின் நடுவில், துண்டுக் கடதாசிகள் பறக்காமல் இருப்பதற்குப் பாரமாக, அந்தச் சைக்கிள் மணி இருந்தது. அப்போதிக்கரி என் காலுக்கு அயடீன் பூசிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னார், "அம்மா, நான் ஒண்டும் செய்யேல்லை."

"தெரியும் தம்பி," என்றார் அம்மா. "அவளும் ஒண்டும் செய்யேல்லை."

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. தெரிந்துகொண்டே என்னை நுள்ளியிருக்கிறார். யுத்த காலத்தில் அந்த மருந்துச்சாலையை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அப்போதிக்கரியும் மணியும் என்ன ஆனார்கள் என்று நான் விசாரித்த அளவில் தெரியவில்லை.

வைகாசியில் அதே பத்திரிகையில் தலைமை ஆசிரியரின் பெயரோடு ஒரு கதை வந்தது. 'அன்பின் மணி'. முன்னர் களவாக வெளிவந்த கதையின் உண்மை மூலத்தை வாசகர் அறியும் பொருட்டு, ஆங்கிலச் சீமாட்டி ஒருவர் எழுதியதை அப்படியே தமிழில் தருவதாக முன்னுரையில் எழுதியிருந்தார். மூலப்பிரதி கைவசம் இல்லாததால் நினைவிலிருந்து எழுதுவதாகவும், நம் நாட்டு வாசகருக்காக உயிர்வேலியைக் கிடுகு வேலி ஆக்கியிருப்பதாகவும் ஒரு வரி. அவர் நினைவில் இருந்தது சின்னம்மாவின் கதை. மதகு இருந்தது. தலை வாரி முடிவது இருந்தது. பல பந்திகள் சொல்லுக்குச் சொல் இருந்தன. கடைசியில் மட்டும் அவன் சைக்கிளை விட்டிறங்கித் தகப்பனிடம் பெண் கேட்டான்.

சின்னம்மா அதை விறாந்தைப் படியில் இருந்து வாசித்தார். திரும்ப ஒருமுறை வாசித்தார்.

"அண்ணை, இது என்ரை," என்றார் மாமாவிடம். அந்த வீட்டில் அவர் அதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மாமா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். அவர் கொடியவர் அல்லர். "ஓம் தங்கச்சி. ஆனா உன்ரை எண்டு சொன்னால் அந்த மணியும் உன்ரையாய்ப் போகுமே. வாத்தியார் எங்களைக் காப்பாத்தின மனுசன். அவருக்கு நன்றி சொல்லவேணும்."

ஆவணியில் கலியாணம். யுத்தச் செய்தி வந்ததும் அதே ஆவணியில். கப்பல் ஓடுமோ ஓடாதோ என்று பந்தலில் எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியர் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து, மணமக்களுக்கு அறுகரிசி போட்டு, சின்னம்மாவின் கையில் ஒரு தடித்த இங்கிலீசு அகராதியைக் கொடுத்தார்.

"கெட்டிக்காரப் பிள்ளை. இனி மொழிபெயர்த்தால் பேரைப் போட மறந்துபோகாதை."

"மறக்கமாட்டன் மாஸ்ரர்," என்றார் சின்னம்மா.

கப்பல் ஓடியது. இருவரும் மலாயாவுக்குப் போனார்கள். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பின் நெடுங்காலம் ஒரு செய்தியும் இல்லை. யுத்தம் ஓய்ந்து வந்த கப்பல்களில் ஒன்றில் சின்னம்மா கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் திரும்பி வந்து தொண்டைமானாற்றில் இருந்தார்.

மிச்சம், பல வருடம் கழித்து நடந்தது. பழைய யாழ்ப்பாணத்துக் கதைகளைத் திரட்டி ஒருவர் புத்தகமாகப் போட்டார். காலம் சரிபார்க்க என்னிடம் தந்திருந்தார். அதில் 'அன்பின் மணி' இருந்தது. மூலம், பெயர் தெரியாத ஆங்கிலப் பெண்மணி. தமிழில், தலைமை ஆசிரியர். நான் அச்சுத் தாள்களை எடுத்துக்கொண்டு தொண்டைமானாற்றுக்குப் போனேன். சின்னம்மாவுக்கு அப்போது கண் பார்வை குறைந்திருந்தது. வெளிச்சத்துக்காகக் கதிரையைக் கடற்பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். அந்த வீட்டுக்கு முன்னால் வேலியே இல்லை. மணல், கடலேரித் தண்ணீர், வலை காய்கிற வாடை.

வாசித்து முடித்ததும் பென்சில் கேட்டார். ஒரு வரியை வெட்டினார். "உந்த மனுசன் மேல்வரிசைக் கிடுகை முதல் கட்டுவிக்கிறார். அப்பிடிக் கட்டினால் மழைத்தண்ணி உள்ளுக்கை இறங்கும். அடிவரிசைதான் முதல்." பக்க ஓரத்தில் சரியானதை எழுதினார். கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அவன் சைக்கிளை விட்டு இறங்கும் இடத்தில் பென்சில் நின்றது. அங்கே ஒன்றும் செய்யாமல் தாள்களை என்னிடம் தந்தார்.

"சின்னம்மா, இப்பவெண்டாலும் சொல்லலாம்தானே? மாமாவும் இல்லை. உங்கடை மாமனாரும் இல்லை. வாத்தியாரும் இல்லை. நான் சாட்சி."

"நீ அண்டைக்கும் சாட்சிதான்," என்றார், சிரித்துக்கொண்டு. "என்ரை பேரைப் போட்டால் முதல் என்ன கேப்பினம் சொல்லு பாப்பம். அந்த மணி ஆரின்ரை எண்டு கேப்பினம். இவருக்கு இப்ப வயது போட்டுது. பிள்ளையளுக்குப் பிள்ளையள் இருக்கு."

அவர் தண்ணீர்ப் பக்கம் பார்த்தபடி சொன்னார், "மலாயாவிலை விளக்குக் கொளுத்தக்கூடாத காலம். இருட்டுக்கை இருந்து பிள்ளையளுக்குக் கதை சொல்லுவன். இவரும் கேப்பார். ஒவ்வொண்டு முடியவும், இது ஆர் எழுதினது எண்டு கேப்பார், தகப்பனைப்போலை. இங்கிலீசுக்காரி எண்டு சொல்லுவன். கனக்க எழுதினாள் பிள்ளை. நல்ல நல்ல கதையெல்லாம் எழுதினாள்."

"அந்தக் கதையளெண்டாலும்—"

"அதுகளும் அவளின்ரைதான். விடு." என் கையில் இருந்த தாள்களை வாங்கித் தட்டிச் சரிசெய்து, ஓரங்களை ஒழுங்காக்கித் தந்தார். "அவளின்ரை எண்டே இருக்கட்டும். கேள்வி கேக்கிறதுக்கு அவளுக்கு இஞ்சை சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை."